பரிசலில் ஏறுமுன்

ஹில்டா அப்பாவுக்கு,

நான் காலைப் பூசைக்குப் போகிறேன். ஜட்கா வண்டி வந்து நீங்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதை வாசலில் நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. ராத்திரி போட்ட சண்டையே போதும்.

பித்தளைத் தூக்கில் புளிச்சோறு இருக்கிறது, அது உங்களுக்கு. மண்சட்டியில் கேழ்வரகு மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், அது மீனுக்கு. போன தடவை மாதிரி மாற்றித் தின்றுவிடாதீர்கள். சாவியை எதிர்வீட்டு மௌரீனிடம் கொடுங்கள்.

நாலு நாள் காவேரியில் பரிசல் விட்டு, கரையில் கூடாரம் போட்டுச் சிநேகிதர்களோடு மீன் பிடிப்பதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நீச்சல் தெரியாது என்பதை அவர்களிடம் மறைக்கிறீர்களே, அதைத்தான் சொன்னேன். வெட்கம் பெரிதா, உயிர் பெரிதா? நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான், உங்களோடு ஒரே பரிசலில் வரும் ரெமிஜியஸ் அண்ணனிடம் நேற்றுச் சாயங்காலம் நானே சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

கேத்தரின்

பி.கு.: ரெமிஜியஸ் அண்ணன் என்ன சொன்னார் என்று ராத்திரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "என்ன தங்கச்சி சொல்றே? எனக்கும் நீச்சல் வராதும்மா. அவன் கூட இருக்கிற தைரியத்துலதான் வருஷா வருஷம் பரிசல்ல ஏறுறேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால் காற்றடித்த மோட்டார் டியூப் இரண்டு வைத்திருக்கிறேன். ஜட்காவில் இடம் போதாவிட்டால் தூண்டிலை விட்டுவிட்டுப் போங்கள். ஒரு டியூப் அவருக்கு.