வலப்பக்கம் மேலே

நவம்பர் 14, வெள்ளி

நான் வேலை பார்க்கும் துபாய் கல்யாண உடைக் கடைக்கு ஜப்பானிலிருந்து புதிய கிமோனோக்கள், முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கட்டும் நீள அங்கிகள், வந்திருக்கின்றன. இன்று படம் எடுக்க மாடல் பெண் வரவில்லை. என் மகள் நித்யாவை நிற்கவைத்தேன். தையில் அவளுக்குக் கல்யாணம். மணப்பெண் கிமோனோ முழு வெள்ளை. அதுவே எனக்கு உறுத்தியது. அவர்கள் வழக்கம் அது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மங்கலமாக இருக்கட்டுமே என்று வலப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டிவிட்டேன்.

படம் எடுத்த பிறகுதான் உடைகளோடு வந்த ஜப்பானியப் பெண் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. இடப்பக்கம்தான் மேலே வர வேண்டுமாம். வலப்பக்கம் மேலே வந்தால், அது பிணத்துக்கு உடுத்தும் முறையாம்.

நித்யா சிரித்தாள். "நம்ம ஊர் எமனுக்கு ஜப்பான் ரூல்ஸ்லாம் தெரியாதும்மா. யல்லா, கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

அந்தப் பெயரை ஏன் வாயில் எடுத்தாள்? படத்தை அதற்குள் மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டாள்.

நித்யாவின் அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சற்றுமுன் அவள் அறையை எட்டிப் பார்த்தேன். கடையில் பரிசாகக் கொடுத்த பருத்திக் கிமோனோவோடு தூங்கிவிட்டிருந்தாள். அத்தனையும் கேட்ட பிறகும், நான் கட்டிவிட்ட மாதிரியே, வலப்பக்கம் மேலே. மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். முடிச்சை அவிழ்த்து இடப்பக்கத்தை மேலே இழுத்தேன்.

"என்னம்மா பண்றே?"

"ஏசி குளிருதுடி. போர்த்திவிடறேன்."

அவள் புரண்டு படுத்தாள். இப்போது எது மேலே இருக்கிறதென்று தெரியவில்லை.