வில்லின் முதுகில் ஒரு கணு

14-3-2025, வெள்ளி

வெயில் இப்போதே ஏறிவிட்டது. மருமகள் பூர்ணிமா, ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கைகால் கழுவியதும் நேராகப் பின்பக்கம் போனாள். நிழலில் சார்த்தி வைத்திருக்கும் சடச்சி மரக் கழியைத் தட்டிப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்குது அத்தை" என்றாள். தை மாதம் வெட்டியது. காயட்டும். சித்திரைக் கடைசியில்தானே வில் வளைப்பு.

திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் வேஷக்காரர் வளைக்கிற வில்லைக் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. மாமனார் கொடுத்தார். அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் என் வீட்டுக்காரர். போன வருஷம் அவர் இறந்த தீட்டு, அதனால் வெளியூர் மூங்கில் வில் வந்தது. இந்த வருஷமும் விட்டால் முறை போய்விடும். என் மகன் கோபிநாத்துக்கு லாரி ஸ்டியரிங் தவிர வேறு எதுவும் கையில் நிற்காது. மருமகள்தான் செய்கிறேன் என்றாள். அவர் செய்த கடைசி இரண்டு வில்லிலும் பாதி வேலை அவளுடையது. அது வெளியே யாருக்கும் தெரியாது.

தர்மகர்த்தா பரந்தாமன் தலையைச் சொறிந்தான். பொம்பளை செய்த வில்லா என்று இழுத்தான். "அம்மன் இன்னா ஆம்பளையாடா?" என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

20-4-2025, ஞாயிறு

நாள் முழுக்கச் செதுக்கினாள். உள்பக்கம் மட்டும்தான் கத்தி போகிறது. வெளிப்பக்கத்தை வில்லின் முதுகு என்கிறாள். பட்டையை உரித்ததோடு சரி, அதைத் தொடவில்லை. கொஞ்சம் சீவுவாள், முழங்காலில் வைத்து அழுத்துவாள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பாள், மறுபடி சீவுவாள். எனக்குப் பார்த்தே கழுத்து வலித்தது.

முதுகில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே கட்டை விரல் நுனி போல ஒரு கணு. அதை எடுத்துவிடேன் என்றேன்.

"கூடாது அத்தை. அங்க கத்தி பட்டா நார் அறுந்துடும். இழுக்கிறப்ப அங்கதான் ஒடிஞ்சி போவும்."

"மரு மாதிரி இருக்குதே."

"இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரித்தாள்.

அவர் கணு இல்லாத கழியாகத் தேடி எடுப்பார். இந்தப் பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

9-5-2025, வெள்ளி

அமிர்தவள்ளி நாட்றம்பள்ளியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். என் கூடப் பிறந்தவள்தான், ஆனால் வந்தால் ஒரு குறை கண்டுபிடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். வில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வில்லுக்கு மரு வந்துருக்குது. மாமா இருந்தா இப்டியா குடுப்பாரு" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. ஊரே பார்க்கப் போகிற வில்.

வில்லுக்கு மஞ்சள் பூசுவது எப்போதும் என் வேலை. மத்தியானம் பூர்ணிமா கம்பெனியில் இருந்தாள். அவர் வழவழப்பாக்க வைத்திருந்த கண்ணாடிச் சில்லு இருந்தது. உட்கார்ந்து சுரண்டினேன். கால் மணி நேரத்தில் கணு போன இடம் தெரியவில்லை. மஞ்சள் பூசியதும் அப்படி ஒரு பளபளப்பு. பூர்ணிமா வந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன, நல்லதுதானே செய்தேன்.

11-5-2025, ஞாயிறு

வில் ஒடிந்துவிட்டது.

12-5-2025, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

கார்முகிலன்தான் அர்ச்சுனன் வேஷம். நாணை ஏற்றி, கம்பத்தின் மேல் கட்டிய மீனைப் பார்த்து இழுத்தான். பட்டென்று ஒரு சத்தம். மேல் பாதி தெறித்து அவன் புருவத்தைக் கிழித்தது. மேளம் நின்றுபோனது. யாரோ ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்து சடங்கை முடித்தார்கள். கார்முகிலனுக்கு நாலு தையல். கண் தப்பியது.

"பொம்பள கை பட்ட வில்லு. அப்பவே சொன்னேன்" என்றான் பரந்தாமன். எல்லோரும் அதையே சொன்னார்கள். பூர்ணிமா குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினாள். ஒடிந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கோபி அவளைத் திட்டினான். அப்பா பேரையே கெடுத்துட்டே என்றான். நான் என்ன செய்தேன்? சோறு போட்டேன். எல்லாருக்கும் சோறு போட்டேன், எனக்கும் போட்டுக்கினு சாப்பிட்டேன். வாய் அதுக்குத் தொறந்துதே — நாந்தான்னு சொல்ல ஏன் தொறக்கல?

13-5-2025

சொல்லவில்லை.

1-6-2025, ஞாயிறு

கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு 'வில்லொடிச்சா' என்று பேர் வைத்திருக்கிறார்களாம், பேத்தி ஹரிணி சொன்னாள். "அம்மா சிரிச்சிக்குறாங்க ஆயா, ஆனா ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துக்குறாங்க" என்றாள்.

நாற்பது வருஷம் வில்லுக்காரர் வீட்டில் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஊர் கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவும். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

29-6-2025, ஞாயிறு

கோயிலில் கூட்டம். இனி வில் அணைக்கட்டு ஊரிலிருந்து வரும், எங்கள் வீட்டு முறை இல்லை என்று முடிவு செய்தார்கள். எழுந்து நின்றேன். கணுவைச் சுரண்டினது நான், அது பூர்ணிமாவுக்குத் தெரியாது, அவள் தொடக்கூடாது என்றுதான் சொன்னாள் — எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. பரந்தாமன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "மருமவள உட்டுக் குடுக்க மாட்ற பாரு. உன்ன மாரி மாமியா எந்த வீட்ல இருக்குது? ஒக்காருக்கா." பெண்கள் பக்கம் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுதவே கூசுகிறது. அந்தப் புகழ்ச்சி ஒரு நொடி எனக்கு இனித்தது.

மறுபடி சொன்னேன். மைக்கில் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

30-6-2025, திங்கள்

பூர்ணிமா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் அத்தை. துண்ட எடுக்கும்போதே பாத்துட்டேன், அந்த எடம் தட்டையா இருந்துச்சி."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னைக்கு. இல்ல மறுநாள்." பஸ் ஹாரன் அடித்தது. "இப்ப இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோபியிடமும் சொன்னேன். அவனாவது நம்பினான். அவள் வீடு திரும்பும்வரை தலை நிமிரவில்லை.

18-1-2026, ஞாயிறு

பின்பக்கத்து நிழலில் ஒரு சடச்சிக் கழி சார்த்தியிருக்கிறது.

10-5-2026, ஞாயிறு

இன்று வில் வளைப்பு. மேளச் சத்தம் வீடுவரை கேட்கிறது. அணைக்கட்டிலிருந்து மூங்கில் வில் வந்திருக்கிறதாம், ஜிகினா ஒட்டி நன்றாக இருக்கிறதாம். அமிர்தவள்ளி போன் செய்து சொன்னாள். நான் போகவில்லை.

பூர்ணிமாவும் போகவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து கடைசிச் சீவலை முடித்தாள். இந்தக் கழியின் முதுகில் இரண்டு கணு. நாணை ஏற்றி, எழுந்து நின்று, காதுவரைக்கும் இழுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்தபோது நாணை மெல்ல விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எங்கயும் போவாது அத்தை" என்றாள். "நம்ம வூட்லயே இருக்கட்டும்."

உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். வில்லை என் மடியில் வைத்தாள்.

பூசினேன். கணு வந்த இடத்தில் விரல் ஏறி இறங்கியது. இரண்டு இடத்திலும். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.