எட்டு எழுத்துக்கு மேல்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் மனைவிக்கு இருமல் விட்டுவிட்டது. மாத்திரையை விழுங்கினாளா, துப்பினாளா என்று நான் எட்டிப் பார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. அதனால் நாளை அந்தப் பக்கம் வரும் எங்கள் ஆபீஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கிரேனில் தூக்கப்போகும் இரும்புச் சட்டத்தின் வலுவைக் கணக்கிட்டது எங்கள் ஆபீஸ்தான். அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் இடப்பக்கத்துத் தகடு தடிமனானது, வலப்பக்கத்தது மெலிசு. ரிப்போர்ட்டிலோ இரண்டும் தாங்கும் பாரத்துக்கு ஒரே எண், கடைசிப் புள்ளிவரை. எனக்குப் பொறி தட்டியது. மேலாளரிடம் சொன்னேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

கணக்குப் போட்டவர் பக்கத்து மேஜைக்காரர். அவசரத்தில் இடப்பக்க எண்ணையே வலப்பக்கத்துக்கும் ஒட்டிவிட்டாரோ என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒரு எண்ணக்கூட கையால போடலக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதிவெச்ச ஸ்கிரிப்ட்தான் எடுக்குது" என்றார். நம்பாமல் ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். எழுதியதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்து, உள்ளே என்னதான் நிற்கிறது என்று, ஒவ்வொரு பிராக்கெட்டையும் தேடி எடுக்க அது வைத்திருக்கும் பெயர்களை அச்சிட்டுப் பார்த்தோம். பெயர்களை வரிசையாகப் போட்டுவைக்க அந்த ஸ்கிரிப்டை எழுதிய கம்ப்யூட்டர் மொழியில் அறை அறையாக ஒரு ஏற்பாடு உண்டு. ஓர் அறையில் எட்டு எழுத்துதான் நிற்கும். மிச்சத்தை வெட்டிவிடும், ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. ஆங்கிலத்தில் 'பிராக்கெட்' என்று எழுதி ஒரு கோடு போட்டாலே எட்டு முடிந்தது. இடதும் வலதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இரண்டும் ஒரே பெயராகிவிட, முதலில் கிடைத்த தடித் தகட்டையே அது இருபுறமும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

பெயரைச் சுருக்கி மறுபடி ஓட்டினோம். வலப்பக்கம் தாங்காது, தம்பி. பக்கத்து மேஜைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் உடனே உங்கள் சைட் மேனேஜருக்கு, தூக்க வேண்டாம் என்று எழுதினார். "பாத்துக்கிறோம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. மேலாளருக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. நிறுத்தியிருந்தால் நிறுத்திவிட்டோம் என்று எழுத என்ன கஷ்டம்?

தகட்டை மாற்றிவிட்டோம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதே. வலப்பக்கத் தகடும் இடப்பக்கத்தின் தடிமன் இருக்கிறதா என்று நீயே போய் அளந்து பார். அதுவரை கொக்கியை மாட்டாதே, அடியில் ஆளை நிற்கவிடாதே. அக்கா பைத்தியம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள், எனக்கு வருத்தமில்லை.

உன் மனைவியிடம் இது எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய் என்று அவள் உன் சட்டைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். நான் இஸ்திரி போட்டு வைக்கிறேன். வந்து போட்டுக்கொள்.

உன் அக்கா