கழுதைக்குட்டிப் பாட்டும் அப்பாவின் பேச்சும்

பாபநாசம்,
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரிலும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், எழுதினால் பொய் என்றும் சொல்ல முடியாது, முழுக்க நிஜம் என்றும் சொல்ல முடியாது, அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். வாய்தான் போயிற்றே தவிர அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நாம் பேசுவது ஒன்றுவிடாமல் புரிகிறது. அவர் எதிரிலேயே உன்னிடம் எனக்கு அசதியாக இருக்கிறதடி என்று எப்படிச் சொல்வது. அதனால்தான் அவர் மதியம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

சித்திரையில் அவர் மோட்டார் கொட்டகையில் விழுந்ததும், வலது கையும் காலும் விழுந்துபோனதும் உனக்குத் தெரியும், நீ வந்து பார்த்துவிட்டுத்தானே போனாய். நீ போன பிறகு கால் கொஞ்சம் தேவலை, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரைக்கும் நடக்கிறார். பேச்சுதான் வரவே இல்லை. ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லி தாலுகா ஆபீஸ் வாசலில் மைக் இல்லாமல் பேசிய மனிதருக்கு ‘தா’ என்கிற ஒரு எழுத்துதான் மிச்சம். தண்ணீருக்கும் தா, காற்றாடிக்கும் தா, கோபத்துக்கும் தா. நான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பேன், சோறா, வெந்நீரா, முதுகு சொறியணுமா என்று. நாலாவதாகக் கேட்பதும் தப்பாக இருந்தால் டம்ளர் பறக்கும். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நீ போனில் வரும்போதும் அப்படித்தானே திருப்பிக்கொள்கிறார், உன்மேல் கோபம் என்று நினைத்து நீ வருத்தப்பட்டாய். கோபம் இல்லை கண்ணு, வெட்கம். பெற்ற பெண்ணிடம் ‘தா தா’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்காக அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பாட்டு காதைப் பிளந்தது. நீ சின்ன வயதில் பார்த்துப் பார்த்து சிடியையே தேய்த்தாயே, மேகத்தைத் தேடிப் போகும் கழுதைக்குட்டி கார்ட்டூன், அந்தப் படம் தமிழில் வந்து இருபது வருடம் ஆகப்போகிறதாம். அதைக் கொண்டாடுவதற்காக இப்போது பேர்பெற்ற பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டை எடுத்துக்கொண்டு புதிதாகப் பாடியிருக்கிறார்களாம். முடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெண் அந்த மேகப் பாட்டைப் பாடியிருக்கிறாள். பஸ்ஸிலும் அதுதான், கல்யாண மண்டபத்திலும் அதுதான், நெல் அறுக்க வந்த மிஷின்காரன் போனிலும் அதுதான். நான் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தேன். பக்கத்தில் யாரோ ‘ஏ குட்டி மேகமே எங்கே போறே’ என்று கூடவே பாடுவது கேட்டது. கரகரத்த ஆம்பிளைக் குரல். யாரடா இது என்று திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆளே இல்லை. உன் அப்பாதான் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, குழறாமல். எனக்கு அழுகை வரவில்லை செம்மொழி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வரி ‘என் முதுகில் ஏறு ஊருக்குப் போவோம்’ இல்லையா, அதை அந்தப் பெண் மாற்றி இங்கிலீஷில் ஏதோ பாடியிருக்கிறாள். அப்பா பழைய வரியைப் பாட, பாட்டு வேறு பக்கம் போக, அவருக்குத் தடம் தப்பிவிட்டது. முன்சீட்டுக் கம்பியை இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். கண்டக்டர் ஓடிவந்து, ‘யோவ், காலையிலேயே ஊத்திக்கிட்டு ஏறிட்டியா, எறங்குய்யா கீழே’ என்று சத்தம் போட்டான். நான் எழுந்து, ‘தம்பி, அவருக்கு வாதம் அடிச்சிருக்கு, மாசக்கணக்கா பேச்சு இல்ல, இப்பத்தான் வாயத் தொறந்திருக்காரு, பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க’ என்றேன். அவன் நேரே டிரைவரிடம் போய்க் குனிந்து என்னவோ சொன்னான். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அந்த ஒரே பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பஸ்ஸில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, இறங்கும்போது ஒரு கல்லூரிப் பெண் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பயிற்சி கொடுக்கிற பெண் மங்களாம்பிகையிடம் சொன்னேன். அவள், ‘பேச்சு ஒரு பக்கம் இருக்கும்மா, பாட்டு இன்னொரு பக்கம் இருக்கு, இவருக்கு அடிபட்டது பேச்சுப் பக்கம், பாட்டு தப்பிச்சிருக்கு, அந்த வழியாவே உள்ள போவோம்’ என்றாள். அந்த மெட்டிலேயே தண்ணி வேண்டும், சோறு வேண்டும் என்று மெதுவாகப் பாடவைக்கச் சொன்னாள். புதுப் பாட்டு வேகமாக இருக்கிறது, பழையதைத் தேடுங்கள் என்றாள். தேடினால் பழையது மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. பச்சை முடிக்காரி பாடியது இருக்கிறது, ஒரு பையன் கிடார் வைத்துக்கொண்டு முனகியது இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து குதித்துக் குதித்துப் பாடியது இருக்கிறது. ஆளுக்கொரு விதமாக அந்த இரண்டாவது வரியைத்தான் மாற்றிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன், அவர் கேட்டுக் கேட்டு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் நானே பாட வேண்டியதாயிற்று. அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. நீ அந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாரே, அசந்து தூங்குகிறார் என்று நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உன்னை அதட்டுவேன். மனிதர் தூங்கவே இல்லை போலிருக்கிறது. முழுப் பாட்டும் அவருக்குப் பாடம், நடுவில் கழுதைக்குட்டி தும்முவதுகூட.

இதையெல்லாம் கேட்க உனக்கு சந்தோஷமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பால்வாடியில் ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போய் ரிட்டயர் ஆனவள் நான், இனிமேல் ஒரு பிள்ளைப் பாட்டும் பாட வேண்டாம் என்று இருந்தேன். இப்போது காலையில் பல் விளக்கக் கழுதைக்குட்டி, மாத்திரைக்குக் கழுதைக்குட்டி, வேட்டி மாற்றக் கழுதைக்குட்டி. காத்தாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ‘என்னக்கா, அண்ணனும் நீயும் நாளெல்லாம் டூயட்டு’ என்று சிரிக்கிறாள். அவள் நல்லதுக்குத்தான் சிரிக்கிறாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவரைக் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைத்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. சம்பா நட்டு வேர் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பள்ளத்து வயலில் பயிர் முங்கிக் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கவலையில் நான் நிற்கும்போது அவர் என்னவோ சொல்ல வந்து, வார்த்தை அகப்படாமல், முதல் வரியையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து வயலா, வரப்பா, உரமா என்று வார்த்தையை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இல்லை இல்லை என்று கையை வீசினார். ‘போதும் நிறுத்துங்க, இந்தக் கழுதப் பாட்டக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிக்குது’ என்று கத்திவிட்டேன். அன்றோடு வாயை மூடினார். பாட்டும் இல்லை, தா என்கிற அந்த ஒரு எழுத்தும் இல்லை. நான் பாடினால் கண்ணை மூடிக்கொள்வார். மங்களாம்பிகைக்குப் போன் போட்டேன், ‘விட்டுட்டா உள்ள போயிடும்மா, எப்படியாச்சும் வாயத் தொறக்க வையுங்க’ என்றாள். எப்படியாவது என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது, எனக்கு வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை மழை கொஞ்சம் விட்டதும் நானும் காத்தாயியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலில் விட்டோம். முழங்கால் சேற்றில் நின்று வெட்டி முடிப்பதற்குள் மறுபடியும் கொட்டத் தொடங்கிவிட்டது. திரும்பி வரும்போது எனக்கு நிற்கச் சீவன் இல்லை. ஈரப் புடவையோடு நேரே அடுப்படிக்குப் போய் அவருக்குக் கஞ்சி வைக்கப் பானையை எடுத்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. ‘ஏ அம்சம் அம்சமே எங்கே போனே.’ மெட்டு கழுதைக்குட்டியுடையதுதான், வார்த்தை அவருடையது, மேகத்துக்குப் பதில் என் பேர், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் அப்படியே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர் அடுத்த வரிக்காக முட்டினார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, வெகு நேரம் பிடித்தது. ‘என் பக்கம் உக்காரு... கால... நீட்டு’ என்று முடித்தார். முடித்துவிட்டுத் தன் மேல்துண்டை இடது கையால் உருவி, தலையைத் துவட்டு என்பதுபோல் என் பக்கம் தள்ளினார். நான் பானையை வைத்துவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். கஞ்சி நேரமாகித்தான் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, அது வேண்டாம் தங்கம். நீ வந்தால் எனக்குக் கைக்கு ஒத்தாசைதான், ஆனால் நீ படித்ததும் அங்கே நிலைத்ததும் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சு, தன்னால் அது போயிற்று என்றால் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். லீவு கிடைத்தால் தைக்கு வா, எனக்கு ஒரு வாரம் தூங்க வேண்டும், நீ இருந்தால் தூங்குவேன். பழைய பாட்டு அங்கே எங்காவது அகப்படுகிறதா பார். இல்லாவிட்டால் நீயே நிதானமாகப் பாடி அனுப்பு, அந்த இரண்டாவது வரியை மாற்றாமல். ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, கஷாயப் பொடி தீர்ந்திருந்தால் சொல்லு. பயிர் இப்போது தலை தூக்கிவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

மழையும் வெயிலும் உனக்கு அளவாக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாக அமையட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் உன்னைக் கூப்பிடப் போகிறார், அதற்காக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடிப் பாடிப் பழகுகிறார். உன் பேர் அந்த மெட்டில் முழுதாக உட்கார மாட்டேன் என்கிறது, முன்பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மொழி என்று மட்டும்தான் வருகிறது. அதற்கு எவ்வளவு நேரமானாலும் நீ நடுவில் பேசாமல் காத்திரு, முன்பாதியை எடுத்துக் கொடுத்துவிடாதே, அழவும் செய்யாதே. மொழி என்று அவர் கூப்பிட்டதும், ‘என்னப்பா’ என்று கேள்.

உன் அம்மா,
ம. அம்சம்