சைரன் இல்லாத வண்டி

ஜூன் 3, புதன்

கட்டுப்பாட்டு அறையில் இன்று முதல் நாள். மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஆள் போதவில்லை என்று ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் துறையில் எண்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இப்போது மனிதர்களோடு பேசும் வேலை. தொற்று உறுதியாகி வீட்டிலேயே தனித்திருக்கும் நாற்பது குடும்பங்கள் என் பொறுப்பு. தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து, படிவத்தில் உள்ள பதினோரு கேள்விகளைக் கேட்டு 'உண்டு', 'இல்லை' என்று குறிக்க வேண்டும். மூச்சுத்திணறல் பற்றிய ஏழாம் கேள்விக்கு 'உண்டு' விழுந்தால் ஆம்புலன்ஸ் போகும்.

மனைவி சிரித்தாள். "பக்கத்து வீட்டு பெல்லை அடிக்கவே மூணு தடவை யோசிக்கிற ஆளு, நாப்பது வீட்டுக்குப் பேசப் போறீங்களாக்கும்."

தப்பில்லை. முதல் அழைப்புக்கு முன் என் பெயரையே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வெள்ளி

ஏழாம் கேள்விக்கு நாற்பது வீட்டிலும் 'இல்லை'. மேற்பார்வை மருத்துவர், என் மகள் வயதிருக்கும், "உங்க ஏரியா ராசியான ஏரியா சார்" என்றார்.

ஜூன் 10, புதன்

மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் பட்டியல் தினமும் அறைக்கு வருகிறது. யாரும் பார்ப்பதில்லை, கோப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பழக்கதோஷம் - எடுத்து என் படிவங்களோடு ஒப்பிட்டேன். என் வீடுகளிலிருந்து இந்த வாரம் மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேருக்கு முந்தின நாள் ஏழாம் கேள்வியில் 'இல்லை'. என் கையெழுத்தில். ஐவரில் இருவர் இறந்துவிட்டார்கள்.

நான் சரியாகக் கேட்கவில்லையா? வேகமாக வாசித்தேனா? காது மந்தமா?

அடுத்த மேசையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் படிவங்களையும் கேட்டு வாங்கினேன். "என்ன சார், என் பேப்பரைத் திருத்துறீங்களா?" என்றார். அவர் வீடுகளிலிருந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏழு பேர், அதில் ஆறு பேருக்கு 'இல்லை'.

ஜூன் 11, வியாழன்

ஐவரில் ஒருவர் பூட்டு பழுது பார்ப்பவர். பிழைத்துவிட்டார். அவர் மனைவியிடம் பேசினேன். மருத்துவமனைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மூச்சு வாங்கியதாம்.

"அப்ப ஏம்மா என்கிட்ட இல்லேன்னீங்க?"

"அந்த வண்டி கத்திக்கிட்டே வருமே சார். தெரு மொத்தமும் மாடியில நின்னு வேடிக்கை பாக்கும். மூணாவது வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேருந்து அங்க பால்காரர்கூட நிக்கிறதில்ல. போன மானம் திரும்பி வருமா?"

போன உயிர் மட்டும் வருமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நல்லவேளை.

ஏழாம் கேள்வியை நான் வாசிக்கும்போதே அவர்கள் காதில் சைரன் கேட்டுவிடுகிறது. அதற்குத்தான் அந்த 'இல்லை'. எட்டு நாள் நானும் அதை வரிசையாக, அழகாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 12, வெள்ளி

படிவத்தில் இல்லாததைக் கேட்டேன். என் உத்தியோக வாழ்வில் முதல் விதிமீறல். நோயைப் பற்றிக் கேட்டால்தானே மறைப்பார்கள்? அவர்கள் நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். நீங்களே குளித்தீர்களா, படியேறினீர்களா, எப்படித் தூங்கினீர்கள்.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர், ஐம்பத்திரண்டு வயது. ஏழாம் கேள்விக்கு, "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"எப்படித் தூங்குனீங்க?"

"நாற்காலியில... சாஞ்சு உக்காந்தே தூங்கிட்டேன். படுத்தா... ஒரு மாதிரி இருக்கு."

"குளிச்சாச்சா?"

"பொண்ணு... துடைச்சு விட்டா சார்."

எழுந்து மருத்துவரிடம் போனேன்.

"ஏழுல இல்லைன்னு இருக்கே சார். இருக்கிற வண்டியே பத்தல. ஏன் அனுப்பினேன்னு மேல கேப்பாங்க. உறுதியா சொல்றீங்களா?"

எங்கள் துறையில் உறுதியாகச் சொல்பவனுக்கு ஜோசியன் என்று பெயர். 'மேலும் தரவு தேவை' என்றே எழுதி ஓய்வு பெற்றவன் நான். "உறுதியா சொல்றேன் டாக்டர். ஆனா சைரன் வேண்டாம். கத்தினா அவர் கதவைத் திறக்க மாட்டார்."

ஓட்டுநர் போனில் முறுக்கிக்கொண்டார். "சைரன் இல்லாம எவன் சார் வழி விடுவான்?"

"ஊரே வீட்டுக்குள்ள கிடக்கு. ரோட்டுல இருக்கிறது நாய்தான்ப்பா. அது உங்களைப் பாத்ததும் தானா நகந்துக்கும்."

சிரித்துவிட்டார். பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு எழுபத்தெட்டு.

ஜூன் 13, சனி

அச்சகக்காரர் தீவிர சிகிச்சையில். நேற்று முன்தினமே இப்படிக் கேட்டிருந்தால் -

ஜூன் 16, செவ்வாய்

தலைமை ஆசிரியரும் என் கேள்விகளையே கேட்கிறார். எண்பது வீடு, ஐந்து நாள். ஏழாம் கேள்விக்கு 'இல்லை' என்றவர்களிலேயே ஒன்பது பேரைக் கண்டுபிடித்தோம். சத்தமில்லாமல் வண்டி போனது. ஒன்பது பேரும் ஏறிக்கொண்டார்கள்.

நாளை சுகாதாரத் துறை இயக்குநரின் காணொளிக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். எழுதித் தருகிறேன், நீங்களே படித்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சினேன். "நான் படிச்சா தூங்கிடுவாங்க சார். நீங்க பயந்து பயந்து பேசினாத்தான் நம்புவாங்க."

ஜூன் 17, புதன்

பேசினேன். திரையில் முப்பது முகங்கள். இயக்குநர் கேட்டார்: "எண்பது வீட்டை வெச்சுக்கிட்டு மாநிலம் பூரா மாத்தச் சொல்றீங்க. உங்க புள்ளியியல் இதை ஒத்துக்குமா?"

"ஒத்துக்காதுங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கணும்னு சொல்லும். அந்த ஒரு மாசத்துல எத்தனை பேர் போவாங்கன்னும் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

நான்தான் சொன்னேனா அதை?

"வேண்டாம்" என்றார்.

ஜூன் 19, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. குடியிருப்புத் தெருக்களில் சைரன் கூடாது. என் மூன்று கேள்விகளும் எல்லா மாவட்டப் படிவங்களிலும் ஏழாம் கேள்விக்கு முன்னால். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. நீங்க சைரனையே ஊமையாக்கிட்டீங்க" என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

அச்சகக்காரர் வீடு திரும்பினார். பத்து கிலோ இளைத்திருக்கிறாராம். மகள்தான் பேசினாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வெள்ளி

தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் உதவியாளர் நேராக என்னையே அழைத்தார். குரலில் பதற்றம். "நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் மாத்தினோம். ஒரே வாரத்துல மூச்சுத்திணறல் கேஸ் மூணு மடங்கு ஏறிடுச்சு. நிருபர்களுக்கு என்னய்யா சொல்றது?"

"ஏறும் சார், மறைச்சதெல்லாம் இப்பத்தானே வெளிய வருது. அடுத்த வாரமும் ஏறும். அதுக்கப்புறம் இறப்புப் பட்டியலைப் பாருங்க."

"குறையலேன்னா?"

"குறையும்."

வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். செயலகத்து அழைப்பை நான் துண்டித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதை நினைத்துப் பயப்படவும் நேரமில்லை, அதற்குள் மணி அடித்தது. என் பட்டியலில் பதினேழாவது வீடு. இன்று நான் இன்னும் அழைத்திருக்கவே இல்லை, அவர்களே அழைக்கிறார்கள்.

"சார், மாமியாருக்கு முடியல. வண்டி அனுப்புறீங்களா?"