இடது பின்கதவின் நசுங்கல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். சாப்பாட்டு மேஜை மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னதும் சௌக்கியம்தானே? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நான் சொல்லப்போவதை அவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். தேடவே கால் மணி நேரம் ஆயிற்று, அதன் மூடியைக் காணவில்லை. அதை வெட்டி உன் அப்பா ஏதோ ஒரு குட்டி லாரிக்குப் புகைக்குழாய் வைத்திருக்கிறாராம்.

இந்தக் கடிதம் வரும் பெட்டிக்குள் ஒரு கார் இருக்கும். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. நம்முடைய பழைய வண்டிதான், இருபத்து நாலில் ஒரு பங்கு. இதைப் படித்து முடிக்கும் வரை அதைத் தொடாதே. எப்போது தொட்டாலும் ஈரத்துணியால் மட்டும் தொடாதே.

ஓய்வு பெற்ற பிறகு உன் அப்பாவுக்கு இந்தக் குட்டிக் கார் பைத்தியம் பிடித்தது உனக்குத் தெரியும். எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று தெரியாது. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இடிபட்ட வண்டிகளைக் குனிந்து குனிந்து பார்த்த மனிதர், இப்போது உட்கார்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். தெருமுனைப் பல் டாக்டரும் இதில் கூட்டு. பல்லைக் குடைந்து தேய்ந்த ஊசிகளை எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் தலையில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு ஹெட்லைட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். டீ வைத்தால் அதில் பிரஷைக் கழுவுகிறார்கள்.

வீட்டில் ஒரு பொருளும் பத்திரமில்லை. டீ வடிகட்டியை வெட்டி முன்பக்கக் கிரில் செய்தாயிற்று. தையல் டப்பாவில் ஒரு ஊசிகூட இல்லை, எல்லாம் ரேடியோ ஏரியலாக நிற்கின்றன. என் முகப் பவுடர் சாலைப் புழுதி ஆகிவிட்டது. நாங்கள் ஒரு வருஷமாக மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

அதுகூடப் போகட்டும். எனக்குப் பொறுக்காதது இதுதான்: ஏழு தடவை பெயிண்ட் அடித்து, தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று ஆக்குகிறார். ஆக்கிவிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து அதற்கு அழுக்குப் பூசுகிறார். துரு, சேறு, எண்ணெய்க் கறை, மழைத்தண்ணீர் வழிந்த கோடு. "அழுக்கு இல்லன்னா அது பொம்மை. அழுக்கு இருந்தாதான் வண்டி" என்கிறார். நாற்பது வருஷம் இந்த வீட்டில் அழுக்கை எடுப்பதே பிழைப்பாக இருந்தவளிடம் வந்து சொல்கிற பேச்சா இது?

போன வருஷம் ஒரு பால் வண்டி செய்தார். நாற்பது நாள் வேலை. அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். நான் பார்த்தேன், சக்கரம் எல்லாம் சேறு. பாவம், முடித்துவிட்டுக் கழுவ மறந்துவிட்டார் என்று நினைத்து, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷால் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்து, தட்டு ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தேன். வந்தார், பார்த்தார். மெதுவான குரலில் "துரு எங்கே?" என்று கேட்டார். நான் பெருமையாக "அது போக மாட்டேன்னுச்சு, நான் விடலையே" என்றேன். இரண்டு நாள் அந்த வண்டியைத் துண்டு போட்டு மூடி வைத்தார். பல் டாக்டர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். ஈரத்துணி வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நம் வண்டியைச் செய்யப்போகிறேன் என்று ஆரம்பித்தார். அவர் அலமாரி மேலிருந்து இறக்கியது அந்தப் பழைய ஃபைல்.

உனக்குத் தெரிந்த கதைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் நீங்கள் நம் வீட்டு மாடியில் தங்கியிருந்த அந்த வாரம், மாப்பிள்ளை நம் வண்டியில் அவருடைய அப்பா அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் இடது பின்கதவு நசுங்கியிருந்தது. வேறு மாமனாராக இருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். உன் அப்பா கேமராவை எடுத்து, வெளியே நாலு பக்கம், உள்ளே இரண்டு என்று படம் பிடித்து, ஃபைல் போட்டுவிட்டார். "நான் இடிக்கல மாமா" என்றார் மாப்பிள்ளை. "முப்பது வருஷமா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மாப்பிள்ளை" என்றார் உன் அப்பா, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் மாப்பிள்ளைக்குத் தைத்தது. அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டினீர்கள். அதற்கப்புறம் நம் வீட்டில் அவர் ஒரு ராத்திரி தங்கியதில்லை. வருகிறார், மரியாதையாக ஒரு காபி குடிக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இப்போது அந்தப் படங்களை வைத்துக்கொண்டு உன் அப்பா வேலையில் இறங்கினார். அந்த நசுங்கலையும் செய்தே தீர்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆயுள் முழுக்க நசுங்கலுக்கு மதிப்புப் போட்டவருக்கு ஒரு நசுங்கல் செய்ய வரவில்லை. என் கரண்டியை அடுப்பில் காய்ச்சி, அதன் முதுகால் கதவை அழுத்தினார். மூன்று கதவுகள் உருகிக் கஞ்சியாகிவிட்டன. நாலாவதுதான் சரியாக வந்தது. வந்ததும் குழந்தை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்தது அந்த நசுங்கல் மேலிருந்த கீறலுக்கு நிறம். படத்தை லென்ஸில் பார்த்தால் கீறலுக்குள் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. அந்தப் பச்சையைக் கலக்க ஒரு வாரம் ஆயிற்று. கலந்த பிறகு, வெளிச்சத்தில் சரிபார்க்கிறேன் என்று வாசலுக்குப் போனார். அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த பச்சையும் கேட் தூணின் பச்சையும் ஒன்று.

உள்ளே வந்து, சாப்பிடாமல் யோசித்தார். பிறகு என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார். அந்தத் தூணுக்குப் பச்சை அடித்ததே அன்று சாயங்காலம்தான். அதற்கு முன் வெள்ளை. பெயிண்டர், வண்டி உள்ளே வந்தால்தான் தூணைத் தொடுவேன், இல்லாவிட்டால் உரசிவிடும் என்று அஞ்சு மணி வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்து, வண்டியை நிறுத்தி, சாவியை உன் அப்பா கையிலேயே கொடுத்த பிறகுதான் பெயிண்டர் பிரஷை எடுத்தார். அப்படியென்றால் வண்டி இடித்தது அதற்குப் பிறகு. "மாப்பிள்ளை இல்ல. மாப்பிள்ளையா இருக்கவே முடியாது" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. அவர் முகத்தைப் பார்க்காமல், அப்போ யாருங்க என்று கேட்டேன். "நான்தான் வாக்கிங் போறதுக்கு முன்னாடி வண்டியைத் தள்ளி நிறுத்தியிருப்பேன். ஞாபகம் இல்ல" என்றார்.

மகளே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எட்டு வருஷம் ஆகிறது. இனியும் மறைக்க முடியாது. இடித்தது நான்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நான் இருக்கேனே, உனக்கெதுக்கு" என்பார். தினம் நசுங்கின வண்டியைப் பார்க்கிறவருக்கு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அடிபடப் போகிறவர்களாகத் தெரிவார்கள் போல. அதனால் அவர் விடிகாலை நடக்கப் போகும் அரைமணி நேரத்தில் நானே கற்றுக்கொண்டேன். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி. சீட்டை முழுக்க முன்னுக்கு இழுத்து, நான் தைத்த குஷனைப் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்கு வெளியே தெரியும். பதினோரு நாள் ஒரு குறையில்லை. பன்னிரண்டாம் நாள் கேட்டைத் தாண்டி ரோட்டைப் பார்த்துவிடலாம் என்று ஆசை வந்தது. தூண் குறுக்கே வந்தது. வண்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டைத் தூணில் தடவிவிட்டு உள்ளே ஓடினேன். அவசரத்தில் குஷனை மறந்துவிட்டேன். அவர் படமெல்லாம் எடுத்துப் போன பிறகுதான் போய் எடுத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைச் சொன்னபோது நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். பயம், வெட்கம். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாப்பிள்ளை இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுக்கும்.

உன் அப்பா மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதமும் பெட்டியில் இருக்கிறது. அதைக் கடிதம் என்று சொல்ல முடியாது. "பொருள்: இடது பின்கதவுச் சேதம், மறு ஆய்வு" என்று ஆரம்பிக்கிறது. "மாப்பிள்ளை மீது எந்தத் தவறும் இல்லை. வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் கீழே கையொப்பமிட்டவர் ஒருவரே. அவரே பொறுப்பு" என்று முடிகிறது. அடியில் மன்னிப்பு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார். பாவம் மனுஷன், செய்யாத குற்றத்தை இப்படி ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

நேற்று பெட்டி கட்டினார். கட்டும் முன்னால் லென்ஸை என் தலையில் மாட்டி, "உள்ளே ஏதாவது தூசி இருக்கான்னு பாரு. உன் கண்ணுக்குத்தான் தூசி தெரியும்" என்றார். பார்த்தேன். ஸ்டியரிங், கியர், எல்லாம் அப்படியே. ஓட்டுகிறவர் சீட்டு முழுக்க முன்னுக்கு இழுத்திருந்தது. அதன் மேல் ஒரு குஷன். புளியங்கொட்டை அளவுதான். பழைய திரைச்சீலையில் நான் தைத்த அதே ஆரஞ்சுப் பூ. எண்ணிப் பார்த்தேன், ஐந்து பூ. என் குஷனிலும் ஐந்துதான்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. "தூசி இருக்கா?" என்றார். இல்லைங்க என்றேன். "கண்ணாடி ஒட்டியாச்சு. இனிமே உள்ள இருக்கிறத யாரும் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைக்கிற ஃபோமை வெட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "நீ மகளுக்கு ஏதாவது எழுதணும்னா எழுது. ரெண்டு தாளுக்கு இடம் விட்டிருக்கேன்" என்றார். நான் போய் டீ வைத்தேன். அதில் அவர் பிரஷைக் கழுவியபோது இன்னொரு டீ வைத்துக் கொடுத்தேன்.

அப்படியானால் உள்ளே எடுத்த அந்த இரண்டு படத்திலிருந்து எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே என்று எழுதினாரே, அதில் எனக்கு ஒரு குத்தல் இருக்கிறது. பதினோரு நாள் ஒழுங்காக ஓட்டியிருக்கிறேன் என்று நேரம் பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும்.

இதை மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு. அந்தக் குஷனை அவருக்குக் காட்டு, கண்ணாடி வழியாகத்தான். மாமனார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் மாமியார்தான் என்று சொல். அடுத்த மாதம் வரும்போது ஹோட்டலில் ரூம் போட்டிருப்பதாகச் சொன்னாய், ஆபீசுக்குப் பக்கம் என்றாய். மாப்பிள்ளை வேலையாக வருகிற அந்த ஆபீஸ் நம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், அந்த ஹோட்டலிலிருந்து நாற்பது நிமிஷம். சர்வேயர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா? மாடி அறையைக் கழுவிவிட்டேன். மேஜையையும் காலி செய்யச் சொல்லிவிட்டேன். நாம் ஐந்து பேரும் அதில் சுற்றி உட்காரும்போது, எல்லார் முன்னாலும் நான் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

இது நாலாவது தாள். உன் அப்பா விட்ட இடம் போதாது, ஃபோமை நான்தான் வெட்ட வேண்டும்.

கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்திருப்பேன். மாப்பிள்ளை வண்டியைத் தைரியமாக உள்ளே கொண்டுவரட்டும். உரசினாலும் பரவாயில்லை, தூணுக்குப் பழக்கம்தான். மூன்று பேரும் நன்றாக இருங்கள். இங்கே வந்து இருங்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா