கொள்ளு தின்று எழுந்த சேதி

அன்புள்ள ஆத்தாவுக்கு, மகன் நல்லக்கருப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நீங்களும் தங்கச்சியும் சுகமா? உங்க இருமல் நின்னுச்சா?

நான் நல்லா இருக்கேன். மழைக்காலத்துல மட்டும் கால் ரெண்டும் வீங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுலயே கிடந்தேன். பயப்படுவீங்கன்னுதான் எழுதல. கூட்டாளிங்க பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டர் ஐயா, "தீட்டின அரிசிச் சோறு மட்டும் தின்னா இப்படித்தான். பயறு, கொள்ளு தின்னு"ன்னாரு.

திரும்புற வழியில, கடைத்தெருவுல இத்ரூஸ் நானா அவிச்ச கொள்ளு விக்கிறாரு. தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டு இலையில தருவாரு, ஒரே கூட்டம். மாட்டுத் தீனியை எப்படி விக்கத் தோணுச்சுன்னு கேட்டேன்.

"எங்க வாப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோட குதிரைக்காரர். குதிரைக்குப் போக மிஞ்சின கொள்ளை உம்மா அவிச்சு வித்தாங்க. குதிரை மலை ஏறுதே தம்பி, நீ ஏறமாட்டியா?"ன்னு சிரிச்சாரு.

கொள்ளு வாங்கிவந்து தினமும் அவிச்சுத் தின்னேன். வீக்கம் வடிஞ்சிருச்சு. நேத்துக் காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப, யாரையும் பிடிக்காம நின்னு பதில் சொன்னேன் ஆத்தா.

இதைக் கொண்டுவர்ற கங்காணி திரும்புறப்ப அவர்கிட்ட கொள்ளுப்பொடி இடிச்சுக் குடுத்துவிடுங்க. கொஞ்சம் போதும், நான் ஒருத்தன்தானே சாப்பிடுறேன். அவர் வண்டி ஏறிட்டாரு, கூப்பிடுறாரு.

உங்கள் மகன்
நல்லக்கருப்பன்